நாய்க்கடிக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும்

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை நாய் கடித்தால், மருத்துவமனையில் போடப்படும் இருவகை ஊசிகளின் வேறுபாட்டை அவர்கள் அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

தடுப்பூசி, செயலிழக்கச் செய்யப்பட்ட ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸை உடலுக்குக் காட்டி, அதை முடக்கும் எதிர்ப்பொருளை நாமே உருவாக்கப் பழக்குகிறது. அந்த நினைவு ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். ஆனால் போதிய எதிர்ப்பொருள் உருவாக ஏறத்தாழ 7 முதல் 14 நாள்கள் ஆகும்.

இம்யூனோகுளோபுலின் என்பது மனிதர் அல்லது குதிரையின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த ஆயத்த எதிர்ப்பொருள். காயத்திற்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்தப்படும் இது, வைரஸ் நரம்புக்குள் நுழையுமுன் அதை அங்கேயே முடக்குகிறது; எனினும் சில வாரங்களில் மறைந்துவிடும், நினைவு எதையும் விட்டுச் செல்லாது. நரம்புக்குள் புகுந்த வைரஸ் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் எளிதில் படாமல் மூளையை நோக்கி நகர்வதால், அந்த முதல் வாரத்தை இதுவே காக்கிறது.

குருதி வராத சிறு கீறலுக்குத் தடுப்பூசி போதும். தோல் கிழிந்து குருதி வந்திருந்தால், முன்பு தடுப்பூசி போடாதவருக்கு இரண்டுமே வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடுவது, என் பார்வையில், உயிரோடு விளையாடுவதாகும். எதுவாயினும் முதலில் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.