ஏழு சீட்டா, ஐம்பது உயிரா? ஃபேன்டசி ரெல்ம்ஸும் ஹீரோ ரெல்ம்ஸும்

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேர் மொட்டை மாடியில் கூடினால் முதலில் வருவது கேரம் போர்டு, அடுத்தது ரம்மிக் கட்டு. இந்த இரண்டும் பழகிய கைகளுக்கு மந்திரவாதி, டிராகன், ராஜா ராணி எல்லாம் வரும் சீட்டாட்டம் ஒன்று வாங்க வேண்டும், அரை மணிக்குள் ஒரு ஆட்டம் முடிய வேண்டும் என்றால் எதிரே நிற்பவை இரண்டு பெட்டிகள். பெயர் ஒட்டிப்பிறந்தது போல் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடுவது சுலபம்.

ஃபேன்டசி ரெல்ம்ஸ் ப்ரூஸ் கிளாஸ்கோ வடிவமைத்தது. விஸ்கிட்ஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. ஹீரோ ரெல்ம்ஸ் 2016-இல் வந்தது. ராப் டாஹர்ட்டியும் டார்வின் காசலும் தங்கள் விண்வெளி ஆட்டமான ஸ்டார் ரெல்ம்ஸை மாயாஜால உலகத்துக்கு மாற்றி எழுதியது அது. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் சீட்டுகளைச் சேர்ப்பது. எங்கே சேர்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். முதலாவதில் கையில் இருக்கும் ஏழு சீட்டுதான் மொத்தச் சொத்து. இரண்டாவதில் நமக்கென ஒரு கட்டையே வாங்கி வாங்கி வளர்க்கிறோம்.

ரம்மி தெரிந்தவருக்கு ஒரு நிமிடம்

ஃபேன்டசி ரெல்ம்ஸில் மொத்தம் 53 சீட்டு. பத்து வகை, வகைக்கு ஐந்து, அதோடு ஜோக்கர் போல மூன்று. ஆளுக்கு ஏழு போட வேண்டும். உங்கள் முறை வந்தால் கட்டிலிருந்து ஒன்றோ, கீழே திறந்து கிடப்பதில் ஒன்றோ எடுத்து, கையிலிருந்து ஒன்றைக் கீழே போட வேண்டும். கீழே பத்தாவது சீட்டு விழுந்த நொடியில் ஆட்டம் முடிந்தது. கையில் இருக்கும் ஏழுக்கும் புள்ளி கூட்டினால் ஆயிற்று.

ரம்மிக்காரர் இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ரம்மியில் ஓபன் கார்டு மேலே இருக்கும் ஒன்றுதான். இதில் கீழே கிடக்கும் அத்தனையும் எல்லோருக்கும் பொது. ஆகவே அடுத்தவருக்கு உதவாது என்று நினைத்துப் போட்டது மூன்றாவது ஆளுக்குப் பழமாகும். நீங்கள் போட்டதை நீங்களே அடுத்த சுற்றில் திரும்ப எடுக்கலாம், அதுவரை யாரும் தொடாமல் இருந்தால்.

ஆட்டத்தின் உயிர் கணக்கில் இருக்கிறது. கீழிருந்து எடுத்துக் கீழே போட்டால் எண்ணிக்கை மாறாது. கட்டிலிருந்து எடுத்தால் மட்டுமே கீழே ஒன்று கூடும். அதனால் ஒரு ஆட்டத்தில் கட்டிலிருந்து வெளிவருவது சரியாகப் பத்தே சீட்டு. நாலு பேர் என்றால் கையில் 28, கட்டிலிருந்து 10, ஆக 38. மீதி 15 சீட்டு கடைசிவரை முகம் காட்டாது. மூன்று பேர் ஆடினால் முகம் காட்டாதவை 22. ஐந்து பேரானால் 8. ஆறு பேரானால் ஒன்றே ஒன்று.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மூன்று பேர் ஆட்டத்தில் ஒரே ஒரு சீட்டை நம்பி உட்கார்ந்தால், அது வராமலே போக கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாலு பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆறு பேர் ஆடும்போது சீட்டு எங்கோ இருக்கிறது, ஆனால் அடுத்தவன் கையில். அதோடு, யாரும் கீழிருந்து எடுக்காவிட்டால் ஆறு பேருக்கு மொத்தம் பத்து முறைதான். அதில் நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு முறை, மற்ற இரண்டு பேருக்கு ஒரே முறை. பெட்டியில் 3 முதல் 6 பேர் என்று போட்டிருந்தாலும் நாலோ ஐந்தோதான் சரியான கூட்டம்.

எந்தக் கை எவ்வளவு பெறும்

பார்த்ததும் புரிவது ராஜா ராணிக் கை. கிங், குயின் இருவரும் சேர்ந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் படைச்சீட்டு ஒன்றுக்கு 20 கூடும். கிங், குயின், வார்லார்டு, நைட்ஸ், லைட் கேவல்ரி, ட்வார்விஷ் இன்ஃபன்ட்ரி, எல்வன் ஆர்ச்சர்ஸ் என்று ஏழும் அமைந்தால் கிங் 88, குயின் 86. வார்லார்டு நாலு படையின் பலத்தையும் (சீட்டில் அச்சிட்ட எண்) கூட்டிக்கொள்வதால் 66. படைகள் 20, 17, 9, 15. ஆக 301. இன்ஃபன்ட்ரியின் பலம் 15-ஆக இருந்தும் 9 ஆனது, கூட இருக்கும் ஒவ்வொரு படைக்கும் 2 தண்டம் என்பதால்.

இன்னொன்று மெழுகுவத்திக் கை. கேண்டிலின் பலம் வெறும் 2. ஆனால் பெல் டவர், புக் ஆஃப் சேஞ்சஸ், ஏதாவது ஒரு மந்திரவாதி மூன்றும் கூட இருந்தால் 100 கூடும். மந்திரவாதியாக 25 பலமுள்ள வார்லாக் லார்டை வைத்தால் நாலு சீட்டிலேயே 153. மேஜிக் வாண்ட் 26, டிராகன் 30 சேர்த்தால் 209. ஏழாவதற்குப் பலரும் கண்ணில் பட்ட வார்ஹார்ஸை வைத்து 229-இல் நின்றுவிடுவார்கள். அதற்குப் பதில் வேர்ல்ட் ட்ரீ வைத்துப் பாருங்கள். ஏழும் வேறு வேறு வகையாக இருந்தால் அதற்கு 50 கூடும். புத்தகமும் மரமும் ஒரே வகை என்று தயங்க வேண்டாம்: ஒரு சீட்டின் வகையை மாற்றுவதுதானே அந்தப் புத்தகத்தின் வேலை! மரத்தை வெள்ளம் (ஃப்ளட்) வகைக்கு மாற்றினால் 261.

புதியவர் கெடுவது பெரிய எண்ணைப் பார்த்து. வைல்டுஃபயர் 40 என்று கையில் பிடித்துக்கொண்டு கூடவே கிங்கையும் நைட்ஸையும் வைத்திருப்பார்கள். அந்தத் தீ ராஜாவையும் படையையும் செல்லாதாக்கிவிடும். செல்லாத சீட்டுக்குப் பலமும் இல்லை, பெயரும் இல்லை, வகையும் இல்லை. தீயை வைப்பதென்றால் ஸ்மோக், மவுன்டன் இரண்டையும் தேடுங்கள். மூன்று சீட்டிலேயே 126 வரும்.

கணக்குச் சண்டை வருவது வரிசை தப்புவதால்தான். முதலில் ஜோக்கர் எந்தச் சீட்டாகிறது, புத்தகம் எதை மாற்றியது என்று சொல்லிவிட வேண்டும். அடுத்தது தண்டத் தள்ளுபடி. பிறகு செல்லாதவை. கடைசியில் கூட்டல். புரொடெக்‌ஷன் ரூன் இருந்தால் எல்லாத் தண்டமும் தள்ளுபடி. செல்லாதாக்குவதும் தண்டத்தில் சேர்த்தி, ஆகையால் படையைச் செல்லாதாக்கும் கிரேட் ஃப்ளட் இருந்தும் படை பிழைக்கும். வெள்ளமும் தீயும் உங்கள் கையை மட்டுமே தொடும், எதிராளியை அல்ல. ஆளுக்கு ஒரு தாளில் சீட்டுவாரியாக எழுதிக் கூட்டினால் மூன்று நிமிடம். மனக்கணக்கு என்றால் பத்து நிமிடமும் ஒரு மனஸ்தாபமும்.

இரண்டு பேர் என்றால் கதை வேறு

ஹீரோ ரெல்ம்ஸில் ஆளுக்கு 50 உயிர். எதிராளியின் உயிரை முதலில் தீர்ப்பவர் ஜெயித்தார். தொடக்கக் கட்டு எல்லோருக்கும் ஒன்றே: 7 கோல்டு, ஒரு ரூபி, ஒரு ஷார்ட்ஸ்வோர்டு, ஒரு டேகர். ஐந்து ஐந்தாக எடுத்து ஆடி, வரும் பொன்னுக்கு நடுச்சந்தையில் திறந்திருக்கும் ஐந்தில் வாங்க வேண்டும். வாங்கியது உங்கள் கழிவுக் குவியலில் போய், கட்டு மறுபடி கலைக்கும்போது கைக்கு வரும். முதலில் ஆடுபவருக்கு முதல் கையில் மூன்றே சீட்டு. மறந்து ஐந்து எடுத்தால் ஆட்டம் தொடக்கத்திலேயே சாயும். செலவழிக்காத பொன் முறை முடிந்ததும் போச்சு, சேர்த்து வைக்க முடியாது.

சந்தைச் சீட்டுகள் நாலு நிறத்து அணிகள். ஒரே நிறத்தில் இரண்டு ஒன்றாக விழுந்தால்தான் கூடுதல் சக்தி. 15 சீட்டுக் கட்டில் 4 சிவப்பு இருந்தால், ஐந்து சீட்டுக் கையில் குறைந்தது இரண்டு சிவப்பு சேர்ந்து வர 41 சதவீத வாய்ப்பு. அதே கட்டிலிருந்து ஐந்து கோல்டை ஒழித்துவிட்டு 10 சீட்டாக்கினால் 74 சதவீதம். கோல்டை ஒழிக்கும் வசதி சிவப்பு அணியிடம் உண்டு. நாலு நிறத்திலும் ஆசைப்பட்டு வாங்குபவர் தோற்பதற்குக் காரணம் இவ்வளவுதான். சுத்தமாக ஒரே நிறமும் ஆகாது, சந்தை இடம் கொடுக்காது. ஒன்று முதன்மை, ஒன்று துணை என்று இரண்டு நிறம் போதும்.

மூன்றாம் ஆள் சேர்ந்தால் இதன் சுவை குறையும். உயிர் போனவர் ஓரமாக உட்கார வேண்டும்; மற்ற இருவர் கூட்டு சேர்ந்து ஒருவரை அடிப்பதும் நடக்கும். ஃபேன்டசி ரெல்ம்ஸில் யாரும் வெளியேறுவதில்லை. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வருகிறவர் அரை மணி பிந்தினாலும் அடுத்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். அதை இரண்டு பேர் ஆட வெறும் கையோடு தொடங்கும் தனி விதி உண்டு, ஆனால் ஹீரோ ரெல்ம்ஸின் விறுவிறுப்பு அதில் வராது.

இங்கிலீஷ் விஷயத்தில் ஹீரோ ரெல்ம்ஸ் ஒரு படி மேல். பொன்னும், உயிரைக் குறைக்கும் கத்தியும் படமாகவே இருக்கின்றன. விதி நீளம், படிப்பது குறைவு. ஃபேன்டசி ரெல்ம்ஸில் விதி சின்னது, ஆனால் முதல் நொடியிலேயே ஏழு சீட்டின் பொடி எழுத்தையும் படித்தாக வேண்டும். முதல் ஆட்டத்தை எல்லோரும் திறந்த கையாக ஆடிவிடுங்கள், சொல்லிக்கொடுக்கச் சுலபம். ‘காசு வெச்சு ஆடுறீங்களா?’ என்று எட்டிப் பார்க்கும் பெரியம்மாவுக்கும் சந்தேகம் தீரும்.

போர்டு, காற்று, உப்பு

2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் புது வண்ணாரப்பேட்டையில் மேஜை கிடைக்காவிட்டாலும் கேரம் போர்டு கிடைத்துவிடும். 74 சென்டிமீட்டர் சதுரத்தில் இந்த இரண்டு ஆட்டமும் தாராளமாக அடங்கும். பவுடரைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே சீட்டை இறக்குங்கள். இல்லாவிட்டால் சீட்டு வழுக்கி ஓடும், மாவு சீட்டின் உறைக்குள் புகும்.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் மாடியில் கடல்காற்று சீட்டைத் தூக்கும். ஃபேன்டசி ரெல்ம்ஸுக்கு அங்கேயே வைத்தியம் இருக்கிறது. பத்து கேரம் காயை எடுத்து வைத்து, கீழே விழும் ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு காயை வையுங்கள். சீட்டு பறக்காது, காய் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. எட்டா ஒன்பதா என்ற வழக்கே கிடையாது. கீழிருந்து எடுப்பவர் காயைத் திருப்பி வைக்க மறக்கக் கூடாது. ஹீரோ ரெல்ம்ஸில் சந்தை, ஆளுக்கொரு கட்டு, கழிவு, கிடத்திய வீரர் சீட்டுகள் என்று பறக்க நிறைய இருப்பதால் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதே நல்லது.

இப்படிக் கட்டு வளர்க்கும் ஆட்டத்துக்கெல்லாம் மூத்தது டொமினியன். டொனால்ட் எக்ஸ். வக்கரீனோ உருவாக்கி 2008-இல் வந்தது, 2009-இல் ஜெர்மனியின் ஆண்டு விருதான ஷ்பீல் டெஸ் யாரெஸ் வாங்கியது. ஆழத்தில் இந்த இரண்டையும் விழுங்கிவிடும். ஆனால் 500 சீட்டு, பரப்ப வேண்டிய குவியல் பதினேழு, மந்திரவாதிகளை விட மத்தியகால அரண்மனை வாசம்தான் அதிகம். வாரா வாரம் அதே மூன்று பேர், அதே பாய், மின்விசிறி நிறுத்திய அறை என்றால் அதை வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் அன்றே பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். உப்புக்காற்றில் சீட்டின் ஓரம் வளைந்தால் கட்டில் இருக்கும்போதே அது எந்தச் சீட்டு என்று தெரிந்துவிடும், 53 சீட்டு ஆட்டத்தில் குறிப்பாக. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் செருப்பு டப்பாவோடு வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள்.