வாழைக்கன்றுக்கு எந்தச் சோதனை: புரதமா, டிஎன்ஏவா?

பூவன் இலையில் மஞ்சள் கோடுகள் விழுந்து, பின் கருகிக் கறுத்தால் பனானா ஸ்ட்ரீக் வைரஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து விரியும் இலைகள் பளிச்சென்றும் இருக்கலாம். அதை நம்பிப் பக்கக்கன்று எடுப்பவர், நோயையும் சேர்த்தே நடுகிறார். அதனால்தான் ஆய்வகத்தை நாட வேண்டியிருக்கிறது.

டிஎன்ஏ சோதனையான பிசிஆர், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும். வாழையின் இன்னொரு வைரஸ் நோயான முடிக்கொத்து நோய்க்கு என் தேர்வு தயக்கமின்றி இதுதான். அந்த வைரஸ் சாறு கடத்தும் திசுவுக்குள் சொற்ப அளவில் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்க நுட்பமான கருவி வேண்டும்.

ஸ்ட்ரீக் வைரஸின் கதையே வேறு. பூவனுக்கும் மொந்தனுக்கும் மூதாதையான 'பால்பிசியானா' காட்டுவாழையின் குரோமோசோமிலேயே இந்த வைரஸின் துண்டுகள் என்றோ ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆகவே நோயற்ற பூவனிலும் பிசிஆர் "வைரஸ் உண்டு" என்று சொல்லிவிடலாம். நல்ல கன்று குப்பைக்குப் போகும். அந்த மூதாதையின் பங்கு இல்லாத ஜி-9 ரகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இங்கேதான் புரதச் சோதனை கைகொடுக்கிறது. வைரஸ் உண்மையிலேயே உருவெடுத்தால்தான் அதன் மேலுறைப் புரதம் இருக்கும். 1977 முதல் தாவர வைரஸ்களுக்குப் பயன்படும் எலைசா என்ற புரதச் சோதனையில், 96 குழிகள் கொண்ட தட்டில் வைரஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பூசி, அரைத்த இலைச்சாற்றை ஊற்றுவார்கள். கடைசியில் சேர்க்கும் நிறமற்ற கரைசல் மஞ்சளாக மாறும் குழியில் வைரஸ் இருக்கிறது. ஒரே தட்டில் பல கன்றுகளைப் பார்த்துவிடலாம். ஆனால் ஸ்ட்ரீக் வைரஸில் வகைகள் ஏராளம். ஒரு வகைக்கான எதிர்ப்பொருள் இன்னொன்றைத் தவறவிடும். வைரஸ் குறைவாக இருக்கும் நேரத்திலும் ஏமாற்றும்.

இன்னொரு புரதச் சோதனைக் கருவியான நிறை நிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) எல்லாப் புரதங்களையும் அலசும். இலையின் கரையும் புரதத்தில் பாதிவரை ஒளிச்சேர்க்கைப் புரதமான ரூபிஸ்கோ ஒன்றே அடைத்துக்கொள்வதால், வைரஸ் புரதம் அதற்குள் மறைந்துபோகும். விலையும் அதிகம். ஆராய்ச்சிக்குச் சரி, நாற்றங்காலுக்கு வேண்டாம்.

பூவனுக்கு நான் பரிந்துரைப்பது எதிர்ப்பொருள், பிசிஆர் இரண்டையும் இணைத்த முறையை. எதிர்ப்பொருள் பூசிய குழாயில் வைரஸ் துகளை முதலில் பிடித்து, செடியின் சொந்த டிஎன்ஏவை நன்றாகக் கழுவி நீக்கிய பிறகே பிசிஆர் செய்வது அது. கழுவுவதில் அலட்சியம் காட்டினால் பழைய தவறே திரும்பும். வைரஸ் இல்லை என்று உறுதியான பூவன் இலையையும் உடன் வைத்துப் பார்ப்பது கட்டாயம். திசு வளர்ப்பின்போது அந்த ஒட்டிய துண்டுகளே விழித்துக்கொண்டு வைரஸாக மாறுவதும் உண்டு. ஆகவே தாய்ச்செடியைச் சோதித்தால் மட்டும் போதாது. பூவன் கன்று வாங்கும்போது, கன்றுகளையும் சோதித்தார்களா, எந்த முறையில் என்று இரண்டையும் கேளுங்கள்.