மொரெஸ்மோவா, பர்தோலியா?

இந்த இரு பிரெஞ்சு டென்னிஸ் வீராங்கனைகளில் யார் மேல்? ஆட்ட அழகு என்றால் நான் அமேலி மொரெஸ்மோ பக்கம். அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்ட் (புறங்கை அடி), வலையை நோக்கி ஓடிவரும் துணிச்சல்! 2004இல் உலகின் முதலிடம். 2006இல் ஆஸ்திரேலிய ஓப்பன், விம்பிள்டன் இரண்டும். இரு இறுதியிலும் எதிரில் நின்றவர் ஜஸ்டின் ஹெனின். ஆனால் சொந்த மண்ணில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனான ரோலான் காரோஸில் காலிறுதியைத் தாண்டவேயில்லை. அது இன்றும் மனதை உறுத்துகிறது.

மரியான் பர்தோலி வேறு ரகம். இரு பக்கமும் இரு கையால் அடிப்பவர்; மருத்துவரான அப்பாதான் நெடுநாள் பயிற்சியாளர். 2007 விம்பிள்டன் இறுதியில் வீனஸ் வில்லியம்ஸிடம் தோற்றவர், 2013இல் ஒரு செட்கூட இழக்காமல் அதே கோப்பையை வென்றார். ஆறு வாரம் முடியுமுன்னே, உடல்வலி தாங்காமல் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

சாதனைக் கணக்கில் மொரெஸ்மோவே மேல். 2013 விம்பிள்டனின் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் என் ஓட்டு பர்தோலிக்கு. அப்போது அவருக்குத் துணைநின்றவரும் மொரெஸ்மோதான்.