வீட்டருகே கல்லூரியா, வெளியூர்க் கல்லூரியா: தொலைவை எதனால் அளப்பது?

கல்லூரியில் சேரும் காலத்தில் வீடுகளில் நடக்கும் ‘பக்கத்திலா, தொலைவிலா’ என்ற வாக்குவாதத்தைக் கூர்ந்து கேட்டால், அதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் பின்னிக் கிடப்பது புலப்படும். எந்தக் கல்லூரியில் படிப்பது என்பது ஒன்று. படிக்கும் ஆண்டுகளில் இரவில் எங்கே தங்குவது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான், நல்ல துறை கொண்ட உள்ளூர்க் கல்லூரியை ‘வீட்டை விட்டு வெளியே போய்ப் பழக வேண்டும்’ என்பதற்காக ஒருவர் தவறவிடுகிறார். சுமாரான கல்லூரியில் ‘கண் முன்னால் இருக்கட்டும்’ என்பதற்காக இன்னொருவர் சேர்க்கப்படுகிறார். இளநிலைப் படிப்பை வீட்டிலிருந்து போய்வந்து முடித்தவன் நான். முதுநிலைப் படிப்பின்போது வீட்டிலிருந்து ஓரிரவு ரயில் பயணத் தொலைவில் விடுதியில் தங்கியிருந்தேன். இரண்டிலும் எனக்குக் குறைகள் உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை வீட்டிலிருந்து படிப்பதே பெரும்பாலும் மலிவு. இதில் வாதத்துக்கு அதிக இடமில்லை. விடுதி வாடகை, சாப்பாட்டுச் செலவு, முன்பணம், விடுமுறைப் பயணம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், சில படிப்புகளில் கல்விக் கட்டணத்தையே அது தாண்டிவிடும். கல்விக்கடன் வாங்கிப் படிப்பவர், வெளியூரில் தங்குவதற்காக வாங்கும் கூடுதல் தொகைக்கும் வட்டி கட்டப் போகிறோம் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆனால் வீட்டிலிருந்து படிப்பதற்கு வேறொரு செலவு இருக்கிறது. அதற்கு ரசீது கிடையாது என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 180 வேலைநாள்களில் 540 மணி நேரம் சாலையிலேயே கழிகிறது. மூன்றாண்டுப் படிப்பில் இது 1,620 மணி நேரம். இரவு பகல் பாராமல் கணக்கிட்டால் 67 நாள்களுக்கு மேல். ‘பேருந்தில் படித்துக்கொள்ளலாமே’ என்று சொல்பவர்கள், நெரிசல் நேரத்தில் பையை மார்போடு அணைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ஒருநாளாவது நின்று பார்க்க வேண்டும்.

இழப்பது மணிக்கணக்கு மட்டுமன்று. என் துறையில் வெளியிலிருந்து வரும் அறிஞர்களின் சிறப்புரைகள் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். உரையை விட அதன் பிறகு நடக்கும் கேள்வி பதில்தான் சுவையானது என்று நண்பர்கள் சொல்வார்கள். ஐந்தே முக்கால் பேருந்தை விட்டால் அடுத்தது ஏழரைக்கு என்பதால், கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்து, உரை சூடுபிடிக்கும் இடத்தில் சத்தமில்லாமல் எழுந்து போவதே மூன்றாண்டும் என் வழக்கமாக இருந்தது. எந்த ஆசிரியரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் எந்த ஆசிரியருக்கும் என் பெயர் சரியாக நினைவிலும் இருக்கவில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்கப் போனபோதுதான் அதன் விலை தெரிந்தது.

வீட்டில் இருப்பவரின் நேரம் வீட்டாருக்கும் சொந்தம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில்கூட, கையெழுத்துப் போட்டு ஏதோ ஒன்றை வாங்கி வரவும், தம்பி தங்கையருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும், நோயுற்ற முதியவருடன் மருத்துவமனைக்குப் போகவும் கையருகே இருப்பவரையே கூப்பிடுவார்கள். இதில் தவறில்லை, ஆனால் இந்தச் சுமை மூத்த பிள்ளைகள் மீதும் பெண்பிள்ளைகள் மீதும் கூடுதலாக விழுகிறது என்பதை மறைத்துப் பேசவும் கூடாது. அவர்களுக்கு வெளியூர் விடுதி என்பது முதன்முதலாகக் கிடைக்கும் தடையற்ற மேசையாக அமைந்துவிடுவதுண்டு.

தொலைவின் பக்கம் வந்தால், வீட்டு நினைவு என்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. வீட்டு ஏக்கத்தைக் குறிக்க ‘நோஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உருவாக்கிய யோஹானஸ் ஹோஃபர் 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எழுதிய மருத்துவ ஆய்வேட்டில் விவரிக்கும் நோயாளிகளுள் ஒருவர், பெர்ன் நகரிலிருந்து அங்கே படிக்க வந்த இளைஞர். இளைத்துத் துவண்டு சாகும் நிலைக்குப் போனவர், ஊருக்கு அழைத்துச் செல்லப் போகிறார்கள் என்று கேட்டதுமே தெளியத் தொடங்கி, வீடு போய்ச் சேரும் முன்பே தேறிவிட்டார். பெர்னிலிருந்து பாசலுக்கு இன்று ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அந்த இளைஞரை வதைத்தது கிலோமீட்டர் அன்று, நினைத்தபோது திரும்ப முடியாது என்ற உணர்வு. ஆகவே, தொலைவை அளக்கும்போது வெள்ளி மாலை கிளம்பினால் எப்போது வீட்டு வாசலில் நிற்க முடியும் என்றும், அந்தப் பயணத்தை மாதம் ஒருமுறை செய்யக் கையில் காசு இருக்குமா என்றும் கேட்பது வரைபடத்தைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

மாணவர்கள் பாதியில் படிப்பை விடுவது பற்றி அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் முன்வைத்து, 1980களில் விரித்தெழுதிய கோட்பாடு, புதியவர் தம் பழைய சமூகத்திலிருந்து ஓரளவு விலகிக் கல்லூரிச் சமூகத்தோடு கலந்தால்தான் நிலைப்பார் என்ற கருத்தைக் கொண்டிருந்தது. மற்றோர் அமெரிக்கக் கல்வி ஆய்வாளரான வில்லியம் டியர்னி 1992இல் இதை மறுத்து, சிறுபான்மைப் பண்பாட்டிலிருந்து வரும் மாணவரைத் தம் வேர்களை அறுத்துக்கொள்ளச் சொல்வது அநியாயம் என்று வாதிட்டார். பலருக்கு வீட்டோடுள்ள பிணைப்பே படிப்பில் நிலைக்கத் துணை செய்கிறது என்பதைப் பிற்காலத்தில் டின்டோவும் ஏற்றுக்கொண்டார். என் அனுபவம் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. விடுதிக்குப் போன இரண்டாம் மாதம் காய்ச்சலில் படுத்தபோது, அதுவரை பத்து வார்த்தைகூடப் பேசியிராத அறைத்தோழர் பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, என் ஆய்வகக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். காய்ச்சல் விட்ட பிறகே வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்த வாரத்துக்குப் பிறகு விடுதி எனக்கு அந்நியமாக இல்லை. வீட்டுக்குப் பேசுவதும் குறையவில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒரு சொல். படித்து முடித்து அதே வட்டாரத்தில் வேலை பார்க்க நினைப்பவருக்கு உள்ளூர்க் கல்லூரியின் முன்னாள் மாணவர் தொடர்பு நேரடியாக உதவும். வேறெங்கோ போக நினைப்பவருக்கு அது அவ்வளவாக எட்டாது.

இவற்றையெல்லாம் வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், முப்பது நிமிடத்துக்குள் போய்ச் சேரக்கூடிய, விரும்பும் துறை வலுவாக இருக்கும் கல்லூரியில் வீட்டிலிருந்தே படிப்பதை முதலில் வைப்பேன். அது வாய்க்காதபோது, மாதம் ஒருமுறை வந்துபோகக்கூடிய தொலைவில் விடுதியில் தங்குவது அடுத்தது. அதைவிடத் தொலைவு, அந்தப் படிப்பு வேறெங்கும் கிடைக்காது என்றால் மட்டும். பலர் பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுக்கும், நாளுக்கு மூன்று மணி நேரம் அலையவைக்கும் ‘பக்கத்துக்’ கல்லூரியை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வைப்பேன். வீட்டின் நிம்மதியும் விடுதியின் மாலைப்பொழுதும் அதில் சேர்ந்தே பறிபோகின்றன. அப்படியொரு கல்லூரியில்தான் இடம் கிடைத்திருக்கிறது என்றால், வீடு அதே மாவட்டத்தில் இருந்தாலும் விடுதியில் இடம் தருவார்களா என்று விசாரிக்கலாம். கட்டணம் செலுத்துவதற்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை முதல் வகுப்பு நேரத்துக்குப் போய்ச் சேரும்படி வீட்டிலிருந்து கிளம்பி, மாலை ஆய்வகம் முடியும் நேரத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். விளக்கக் கையேட்டில் ‘நகர மையத்திலிருந்து 20 நிமிடம்’ என்று அச்சிட்டிருப்பது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு.