டிபி6600 மோட்டார் டிரைவர்: 4 ஆம்பியர் என்று போட்டிருக்கும், 2.8-ஐத் தாண்டாதீர்கள்

தேக்குச் சட்டத்தில் பூவேலை எடுக்கவும் பலாப் பலகை செதுக்கவும் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டிலேயே மூன்று அச்சு ரூட்டர் (கணினி சொல்படி மரம் செதுக்கும் இயந்திரம்) கட்டுகிறவர்கள், அதன் ஸ்டெப்பர் மோட்டாரைப் படிப்படியாகச் சுழற்ற முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்த டிரைவரைத்தான். கறுப்பு ஹீட்சிங்க், பச்சை டெர்மினல், ஆறு டிப் சுவிட்ச். ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வந்துவிடும், விலையும் குறைவு. வாங்கலாம். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் "4 ஆம்பியர், 42 வோல்ட்" என்பதை நம்பி மோட்டார் எடுத்தால் சீக்கிரம் புகை வரும்.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். மைக்ரோஸ்டெப் (மோட்டாரின் ஒரு படியை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பது) அட்டவணையில் 32 இருந்தால் அது தோஷிபாவின் டிபி6600எச்ஜி அல்ல. அந்தச் சிப் 16-உடன் நின்றுவிடும். 32 காட்டும் பெட்டிகளில் பெரும்பாலும் டிபி67எஸ்109 இருக்கும். அதுவும் தோஷிபாவுடையதுதான், நல்ல சிப்தான். ஆனால் 4 ஆம்பியர் என்பது அதன் உச்ச வரம்பு. நாள் முழுக்க ஓட்டுகிற அளவு அது இல்லை.

24 வோல்ட் கொடுத்து, கரன்ட்டை 2.5 அல்லது 2.8 ஆம்பியரில் வைத்தால் நெமா 23 (நெமா எண் மோட்டாரின் முகப்பு அளவு) மோட்டாரை இது அலுங்காமல் இழுக்கும். 36 வோல்ட் கொடுத்தால் வேகம் கூடும், உண்மை. ஆனால் கேன்ட்ரி (ரூட்டரின் நகரும் சட்டம்) சட்டென்று நிற்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்னழுத்தத்தைத் திருப்பித் தள்ளும். 42 வோல்ட்டுக்குக் கீழே அதற்கு இடம் விட்டாக வேண்டும். பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றினாலும் இதே கதைதான்: காயில் அடிக்கும் ஸ்பைக்கில் சிப் அந்த நொடியே போய்விடும். டெர்மினல் ஸ்க்ரூ லூசாக இருந்தாலும் நடப்பது இதுதான். வயர் முனையில் ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு முடுக்குங்கள். வெள்ளீயம் பூசிய முனை நாளாக நாளாகத் தளர்ந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 24 வோல்ட் 10 ஆம்பியர் போதும். மூன்று மோட்டாருக்கும் தலா 2.5 என்று கூட்டவேண்டியதில்லை. கரன்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சாப்பர் டிரைவர் என்பதால் சப்ளையிலிருந்து இழுப்பது அதைவிடக் குறைவு. பக்கவாட்டு சுவிட்ச் 220-இல் இருக்கிறதா என்று கரண்ட் கொடுக்கும் முன்பே பாருங்கள். இந்த வகை சப்ளை பொதுவாக லைன் 180 வோல்ட் வரை இறங்கினால்தான் தாங்கும். குறுவைக்குப் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் லைன் அதற்கும் கீழே இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் இல்லாமல் நீண்ட ஜாப் போடாதீர்கள்.

காயில் ஜோடி தெரியாவிட்டால் மீட்டர்கூட வேண்டாம். இரண்டு வயரை முறுக்கிவிட்டு ஷாஃப்டைத் திருப்புங்கள்; கடினமானால் அவை ஒரே காயில்.

மைக்ரோஸ்டெப் 8 போதும். ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ். 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ என்றால் மி.மீ.க்கு 320, ஜிஆர்பிஎல்லில் (அர்டுயினோவில் ஓடி ரூட்டரை இயக்கும் மென்பொருள்) மூன்று அச்சுக்கும் உரிய $100, $101, $102 அமைப்புகளில் அதையே போடுங்கள். 32 வைத்தால் அழகாக ஓடும் என்பது ஆசைதான். அர்டுயினோ ஊனோவில் ஜிஆர்பிஎல்லின் உச்சம் ஏறத்தாழ 30 கிலோஹெர்ட்ஸ், மி.மீ.க்கு 1280 பல்ஸ் கேட்டால் வேகம் நிமிடத்துக்கு 1400 மி.மீ. அளவிலேயே முட்டிக்கொள்ளும்.

இந்த டிரைவரில் ஆளைத் தலைசுற்ற வைக்கும் கோளாறு ஒன்று உண்டு. நேர்க்கோடு சரியாக வெட்டும். மேடு பள்ளமாகப் பூவேலை செதுக்கினால் மட்டும் உருவம் ஒரு பக்கமாக நகரும். கப்ளிங், நட் எல்லாவற்றையும் முடுக்கிப் பார்த்தாலும் தீராது. காரணம் இதுதான்: திசை சிக்னல் மாறி நிலைப்பதற்குள் பல்ஸ் வந்துவிடுகிறது. ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியே டிரைவருக்குள் கடத்தும் பாகம்) ஒளிர்வதற்கும் அணைவதற்கும் எடுக்கும் நேரம் ஒன்றல்ல, அதனால் பிழை ஒரு திசையில் மட்டும் சேரும். ஆயிரம் முறை போய்வந்தால் சில மி.மீ. தள்ளிவிடும். ஜிஆர்பிஎல்லில் பல்ஸைத் தலைகீழாக்கும் $2 அமைப்பை 0-விலிருந்து 7-க்கு மாற்றி அதே ஜாப்பை ஓட்டுங்கள். ஏற்கெனவே 7 என்றால் 0. எந்த மதிப்பு சரி என்பது டிரைவரின் சிக்னல் முனைகளில் பொது முனையை 5 வோல்ட்டில் கட்டினீர்களா, கிரவுண்டிலா என்பதைப் பொறுத்தது.

அர்டுயினோவுக்குப் பதில் இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள் 3.3 வோல்ட்டை நேராகக் கொடுக்காதீர்கள். ஒளிர்ந்தும் ஒளிராமலும் ஆப்டோகப்ளர் தடுமாறும். நடுவில் ஒரு 74எச்சிடி245 சிப் போட்டு 5 வோல்ட்டாக்குங்கள். எனேபிள் முனையைக் கட்டாமல் விடலாம், டிரைவர் ஓடும்.

சூடுதான் மிச்சப் பிரச்சினை. தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலுக்கு ஃபேன் இல்லாமல் முடியாது. பெட்டியைத் திறந்து சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பேஸ்ட் பட்டிருக்கிறதா பாருங்கள். ஹீட்சிங்க் துடுப்புகள் செங்குத்தாக நிற்க மாட்டி, இரண்டு டிரைவருக்கு நடுவே மூன்று விரல் இடம் விடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூத்துவிடும். அங்கே மூடிய பெட்டி வேண்டும், ஃபேன் வாயில் ஃபில்டர் வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ஸ்க்ரூ எல்லாம் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும்.

நெமா 17-க்கும், 2.8 ஆம்பியர் வரையிலான நெமா 23-க்கும் இதையே வாங்குங்கள், கூடவே ஒன்று உபரியாக. 4 ஆம்பியர் மோட்டார் ஏற்கெனவே கையில் இருந்தாலோ, அலுமினியம் வெட்டும் எண்ணம் இருந்தாலோ, கூடுதல் காசு கொடுத்து டிஎம்542 வகை டிரைவருக்குப் போய்விடுங்கள். 36 வோல்ட்டில் அது பதறாமல் ஓடும், சத்தமும் குறைவு.