பித்தப்பை எடுத்த பிறகு: எண்ணெயில்லாக் கஞ்சியா, அளவான சாப்பாடா?

சிங்கப்பூரில் பித்தப்பையை எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர் காதில் இரண்டு விதமான அறிவுரை விழும். சொந்தக்காரர்கள் சொல்வது ஒன்று: எண்ணெய் வாசமே ஆகாது, கஞ்சியும் ரசமும் போதும், குறைந்தது மூன்று மாதம். மருத்துவமனையில் சொல்லி அனுப்புவது இன்னொன்று: வழக்கமான சாப்பாட்டுக்கு மெல்ல மெல்லத் திரும்புங்கள், ஒரே வேளையில் கொழுப்பைக் குவிக்காதீர்கள். எனக்கும் பித்தப்பையை எடுத்தாயிற்று, நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. அந்தப் பக்கமே சாய்ந்துதான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கி, கெட்டியாக்கி, கொழுப்பு உள்ளே வரும்போது ஒரே பீச்சாகக் குடலுக்குள் விடும். அவ்வளவுதான் அதன் வேலை. பையை எடுத்த பிறகும் கல்லீரல் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தம் சுரந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அது சேர்ந்து நிற்க இடமில்லாமல், சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குள் இறங்கும். அதனால் கொழுப்பு செரிக்காமல் போவதில்லை. ஒரே மூச்சில் நிறைய வந்தால்தான் சிலருக்குத் தடுமாற்றம், வயிறு உப்பல், வயிற்றோட்டம். 'எண்ணெய் எவ்வளவு?' என்பதோடு 'ஒரு வேளைக்கு எவ்வளவு?' என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கஞ்சி வழிக்குச் சேரவேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். முதல் சில நாளுக்கு அதற்கு நிகர் இல்லை. லாப்ரோஸ்கோப்பிக்காக, அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் அறுவைக்காக, வயிற்றுக்குள் ஏற்றிய கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தைச் சீண்டி, தோள்பட்டையில் வலிக்கும். மயக்க மருந்தின் குமட்டல் வேறு. அந்த நேரத்தில் இட்லி, இடியாப்பம், மிளகு தூக்கலாக இல்லாத ரசம் சோறு, பருப்புத் தண்ணீர் இவைதான் உள்ளே போகும். கூடவே வீட்டுக்குள்ளேயோ புளோக்குக்குக் கீழேயோ கொஞ்சம் நடக்க வேண்டும். கஞ்சியில் யோசிக்கவும் எதுவும் இல்லை, செலவும் இல்லை.

எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, முடிகிற வரைக்கும் சரி. சிறு துளைகள் வழியே செய்த அறுவைக்கு, மேசை வேலைக்காரர்கள் ஒன்று இரண்டு வாரத்தில் அலுவலகம் திரும்பிவிடுவார்கள். கஞ்சியின் பலவீனம் அங்கேதான் தெரியும். வயிற்றை விட எடையில்தான் அது காட்டிக்கொடுக்கும்.

அறுவைக்குப் பிறகு எடை கூடுமா குறையுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பை இல்லாததால் மட்டும் உடம்பு கொழுக்கவும் செய்யாது, இளைக்கவும் செய்யாது. முதல் வாரங்களில் சாப்பாடு இறங்காததால் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகு பலருக்கு ஏறுகிறது. காரணம் எளிது. பித்தப்பையில் கல் இருந்த காலத்தில் வலி ஒரு காவல்காரன் மாதிரி நின்றது. பிரியாணித் தட்டைப் பார்த்தாலே கை பின்வாங்கும். அறுவைக்குப் பிறகு அவன் வேலையை விட்டுப் போய்விடுகிறான். அந்தக் காலி இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது.

எண்ணெயை முழுக்க விலக்கியவர்களின் தட்டில் வந்து உட்காருவது மாவும் சீனியும். காலையில் கஞ்சி குடித்தால் பத்து மணிக்கே வயிறு காலியாகிவிடும், கொழுப்பும் புரதமும் இல்லாத சாப்பாடு அதிக நேரம் தாங்காது. அலுவலகப் பேன்ட்ரியில் இருப்பது கிரீம் கிராக்கர், மைலோ பாக்கெட், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட். 'இதில் எண்ணெய் இல்லையே' என்று மனசு சமாதானம் சொல்லும். கீழே கோப்பிக் கடைக்கு இறங்கினால் ஒரு தே. அதில் விழுகிற இனிப்புப் பால் சீனியும் கொழுப்புமாக இருக்கும், ஆனால் எண்ணெய் என்று யாருக்கும் தோன்றாது. மதியம் வெள்ளைச் சோறும் ரசமும், நான்கு மணிக்கு மறுபடி பசி. கொழுப்பைத் தொடாமலேயே நாள் முழுக்கக் கொறித்து எடை ஏறியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் "நான் எண்ணெயே சேர்க்கிறதில்லையே" என்பார்கள். அது உண்மையும்கூட.

அளவான வழியில் காலைச் சாப்பாட்டோடு ஒரு முட்டை. அதில் சுமார் 5 கிராம் கொழுப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. சிறிது சிறிதாக இறங்கும் பித்தம் இதைச் சிரமமில்லாமல் சமாளிக்கும், மதியம் வரைக்கும் பசியும் தலைகாட்டாது. என் மாமியார் முதல் நாள் முட்டையைப் பார்த்துவிட்டு, "வயித்துல பையே இல்லாம முட்டையாம்மா?" என்றார். "பை இல்லன்னாலும் பித்தம் இருக்கே அத்தை" என்றேன். அவர் நம்பவில்லை. நான் படுக்காமல் நடமாடுவதைப் பார்த்து விட்டுவிட்டார்.

தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிறதா என்பதில்தான் எனக்கு முடிவு தெளிவானது. கஞ்சிக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு, வீட்டில் யாராவது ஒருவர் மெனக்கெட வேண்டும். வெளியில் அது கிடைப்பதும் அரிது. சீனக் கடைக் கஞ்சி கிடைக்கும், ஆனால் மேலே பொரித்த வெங்காயமும் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அளவான சாப்பாட்டுக்கு வீட்டில் ஒரே குழம்பு போதும். கரண்டியைத் தேக்கரண்டியாக மாற்றி, தாளிப்பைச் சுருக்கினால் வீடு முழுக்க அதையே சாப்பிடலாம். வீட்டுக்காரர் முதலில் முனகினார், இப்போது அவர் இடுப்புப் பட்டையிலும் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது.

உணவங்காடியிலும் வழி இருக்கிறது. மீன் சூப்பில் பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பாத்தாங் மீன் துண்டும் கீரையும் ஒரு கிண்ணம் சோறுமாக நல்ல மதியச் சாப்பாடு. நாமே துண்டுகளைத் தேர்ந்தெடுத்து வாங்குகிற யோங் தாவ் ஃபூவில் பொரித்ததைத் தொடாமல் டோஃபு, காய், மீன் உருண்டை எடுத்து சூப்பாக வாங்கலாம். சிக்கன் ரைஸில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தோலை உரித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள், சோறே கோழிக் கொழுப்பில் வதக்கி வேகவைத்தது என்பது ஞாபகம் வராது. வெள்ளைச் சோறாகக் கேட்டால் சில கடைகளில் தருகிறார்கள். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பக்கம், சாதாத் தோசையும் சாம்பாரும் சாப்பிடலாம். மட்டன் குழம்பில் இரண்டு புரோட்டாவை ஊறப்போடுவதைத் தள்ளிப்போடுங்கள். நாசி லெமாக்கும் அப்படித்தான், தேங்காய்ப்பாலும் பொரித்த கோழியும் ஒரே தட்டில். வயிறு பழகிய பிறகு ஆசைக்குப் பாதி, மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம்.

குடிப்பதற்கு கோப்பி ஓ கோசோங் அல்லது தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத காப்பி அல்லது தேநீர். ஆனால் காஃபின் சிலருக்கு வயிற்றை ஓடவைக்கும், வெறும் வயிற்றில் வேண்டாம். 2023 கடைசியிலிருந்து கடையில் கலந்து தருகிற பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் என்கிற A முதல் D வரையிலான தர எழுத்து வந்திருக்கிறது, சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தருவது. அந்த எழுத்தைப் பார்க்கிற பழக்கம் நமக்கு மற்றவர்களைவிட உதவும்.

கஞ்சி வழிக்கு ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓடுகிற தொல்லை எனக்கு லேசாக வந்து போய்விட்டது, அதனால் என் அனுபவத்தை வைத்து நீட்டிப் பேச மாட்டேன். சிலருக்கு அது மாதக்கணக்கில் நிற்கும். பித்த அமிலம் பெருங்குடலை எரிச்சலூட்டுவதால் வருவது. அவர்கள் கொழுப்பை இன்னும் சில வாரம் கீழேயே வைத்திருப்பதுதான் நல்லது. ஓட்ஸ், இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் உதவும், ஒரேயடியாகச் சேர்த்தால் வாயுதான் மிச்சம். அப்படியும் நிற்கவில்லை என்றால் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கிற மருந்து இருக்கிறது, மருத்துவர் எழுதித் தர வேண்டும். கல்லைத் தாங்கிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே சகித்துப் பழகியவர்கள் இதையும் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், தேவையில்லை. காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, நாளுக்கு நாள் கூடுகிற வலி, இவை வந்தால் கஞ்சியா முட்டையா என்ற பேச்சுக்கே இடமில்லை, நேராக அவசரப் பிரிவு.

எடையைப் பொறுத்தவரை வாரம் ஒருமுறை, காலையில், ஒரே தராசில் பார்த்தால் போதும். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே இங்கே எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பதறி ஒரே மாதத்தில் இறக்கப் பட்டினி கிடக்க வேண்டாம். வேகமாக இளைப்பதும் கல் உருவாக ஒரு காரணம், பை போன பிறகும் பித்தக் குழாயில் கல் வர வாய்ப்பு அடியோடு போய்விடுவதில்லை. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வேளை மாற்றுவதும் சோற்றைக் குறைப்பதும் வேறு கணக்கு. பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது உணவியல் நிபுணரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கும்போது, பேன்ட்ரி பிஸ்கட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.