‘யுஜிசி அங்கீகாரம் பெற்ற ஆய்விதழ்’ என்று வரும் அழைப்புகள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

“யுஜிசி அங்கீகாரம் பெற்ற ஆய்விதழ், ஒரே வாரத்தில் வெளியீடு, சான்றிதழ் உண்டு.” வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியை நம்பி ஆய்வு மாணவர்கள் இன்னமும் பணம் கட்டுகிறார்கள். இன்றைக்கு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அங்கீகரித்த ஆய்விதழ் என்று எதுவுமே கிடையாது. தகுதியான இதழ்களுக்காக வைத்திருந்த ‘யுஜிசி கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் அந்தக் குழுவே கைவிட்டுவிட்டது. எந்த இதழ் தகுதியானது என்று முடிவு செய்யும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகங்களிடமும் கல்லூரிகளிடமும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் முதல் வரியிலேயே பொய் சொல்கிறார்.

ஏமாற்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. கட்டுரை அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்புக் கடிதம் வந்துவிடும். மதிப்பீட்டாளர் குறிப்பு இருக்காது; இருந்தாலும் ‘மேற்கோள்களைச் சரிசெய்க’ என்று ஒற்றை வரி. கூடவே கட்டணம் கேட்டு ஒரு ஜிபே எண் வரும். அது ஒரு தனிநபரின் எண்ணாக இருக்கும். பணம் போனதும் கட்டுரை இணையத்தில் ஏறிவிடும். மாதங்கள் கழித்து, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது பல்கலைக்கழகம் இதழைச் சரிபார்த்தால்தான் உண்மை தெரிகிறது. அச்சில் மட்டும் வரும் ஒரு நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணையும் எடுத்துப் போலித் தளம் கட்டியிருக்கிறார்கள். அசல் இதழின் ஆசிரியருக்கு அந்தக் கட்டுரையைப் பற்றி எதுவும் தெரியாது.

போன பணத்தைவிடப் பெரிய இழப்பு கட்டுரைதான். ஒருமுறை வெளியான கட்டுரையை நல்ல இதழ்கள் பொதுவாக ஏற்பதில்லை. திரும்பப் பெறலாம் என்றால் அதற்கும் கட்டணம் கேட்பார்கள். மூன்று வருட உழைப்பு அப்படியே முடங்கிப்போகிறது. நெஞ்சு பொறுக்காத விஷயம் இது.

இந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் கண் திறக்கும். முன்பு ஆய்விதழ் நிறுவனங்களின் வருமானம் நூலகங்கள் கட்டிய சந்தா. புதிய இதழ்களைத் தொடங்கியும், மற்ற நிறுவனங்களை வாங்கியும் பெரிதானார்கள். எல்செவியர் என்ற ஆய்விதழ் நிறுவனம் 1991இல் பெர்கமான் என்ற இன்னொரு நிறுவனத்தை வாங்கியது அப்படித்தான். 2000ஆம் ஆண்டை ஒட்டி, வாசகருக்கு இலவசம், கட்டணம் எழுதியவருக்கு என்ற முறை பரவியது. அந்த முறையில் தவறில்லை, அதில் நடக்கும் நேர்மையான இதழ்கள் நிறைய உண்டு. ஆனால் ஏற்கும் ஒவ்வொரு கட்டுரையும் வருமானம், நிராகரிக்கும் ஒவ்வொன்றும் நட்டம் என்று கணக்கு மாறியதும் மதிப்பீட்டைக் கைவிடும் ஆசை வந்துவிடுகிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம், முறையான மதிப்பீடு நடப்பதாகப் பொய் சொன்னதற்கும் கட்டணத்தை மறைத்ததற்குமாக 5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய பெயர் இருந்தாலும் கவனம் வேண்டும். வைலி என்ற பெரிய பதிப்பகம் 2021இல் 29.8 கோடி டாலருக்கு வாங்கிய ஹிந்தாவி என்ற ஆய்விதழ் நிறுவனம், 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே வந்தவை அவை. சிறப்பிதழ் என்று அழைப்பு வந்தால் அதன் சிறப்பாசிரியர் யார், அந்தத் துறையில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

சரிபார்ப்பதற்கு ஒரே விதி: இதழ் தன்னைப் பற்றிச் சொல்வதை அதன் தளத்தில் பார்க்காதீர்கள், வெளியே பாருங்கள். ஐஎஸ்எஸ்என் எண்ணை அதன் பன்னாட்டுத் தளத்தில் போட்டு, பெயர், நாடு, அச்சா மின்னிதழா என்பது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அச்சுக்கு மட்டும் எண் வாங்கிய இதழுக்கு மின்தளம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண் உண்மையானது என்பதாலேயே இதழ் தரமானது ஆகிவிடாது. அது வெறும் அடையாள எண், விண்ணப்பித்தால் கிடைக்கும்.

ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் அதன் இதழ்ப் பட்டியலை நீங்களே திறந்து எண்ணைத் தேடுங்கள்; பணம் கட்ட வேண்டியதில்லை. அதிகம் ஏமாறுவது இங்கேதான். இடைத்தரகர் அனுப்பும் திரைப்பிடிப்பில் இதழின் பெயர் இருக்கும், ஆனால் எந்த ஆண்டு வரை சேர்த்தார்கள் என்ற வரி வெட்டப்பட்டிருக்கும். நீக்கப்பட்ட இதழும் பழைய ஆண்டுகளோடு அந்தப் பட்டியலில் தொடர்ந்து இருக்கும். ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) என்று எண் போட்டிருந்தால், அதைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் அறிக்கையில் அது உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். அதே பெயரைச் சற்று மாற்றி எண் விற்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. டிஓஐ எனப்படும் கட்டுரையின் அடையாள எண்ணை டிஓஐ தளத்தில் போட்டால் அதே கட்டுரை திறக்க வேண்டும். ஆசிரியர் குழுவில் இருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்காமலே பெயர் போட்டிருப்பது சர்வசாதாரணம்.

தமிழ்த்துறையில் இன்னொரு வடிவம் உண்டு. கருத்தரங்கக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கி, நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே தொகுதியில் அடைத்து, ஐஎஸ்பிஎன் போட்டுத் தருவார்கள். அது நூலின் எண், ஆய்விதழ் வெளியீடாகக் கணக்கில் வராது.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுரை ஏறுவதற்குள் ‘திரும்பப் பெறுகிறேன், வெளியிட ஒப்புதல் இல்லை’ என்று மின்னஞ்சல் அனுப்பி, நெறியாளருக்கும் நகல் போடுங்கள். தொலைபேசியில் சொன்னால் எந்த ஆதாரமும் நிற்காது. ஏற்புக் கடிதம், பணம் போன ரசீது, தளத்தின் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் சேமித்து, 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் கொடுங்கள். போலித் தளம் என்றால் அசல் இதழின் ஆசிரியருக்கும் எழுதுங்கள். ‘இது எங்கள் இதழ் அல்ல’ என்று அவர் எழுத்தில் தரும் பதில், பிறகு அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பும்போது நடந்ததை விளக்கக் கைகொடுக்கும்.